ஜூரு ஆற்றின் கடைமடை

பினாங்குத் தீவுக்கு எதிரே, செபராங் பிறைப் பெருநிலத்தில் இருக்கிறது புக்கிட் தெங்கா. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் ரயில் நிலையமும் தொழிற்பேட்டையும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். ஆறு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் அந்த வட்டாரம் ஓர் ஆற்றுப் படுகை. சுங்கை ரம்பாய், சுங்கை கிலாங் ஊபி போன்ற சிற்றாறுகள் புக்கிட் மெர்தாஜம், புக்கிட் தெங்கா பக்கத்து நீரைச் சேர்த்துக்கொண்டு ஜூரு ஆறாகி, கோல ஜூரு என்ற மீனவர் கம்பத்தின் அருகே கடலில் கலக்கின்றன. நீளத்தில் சிறிய ஆறு. பெயர் மட்டும் பெரிது: மலேசியாவின் மாசடைந்த ஆறுகளைச் சொல்லும் பட்டியல்களில் பல பத்தாண்டுகளாக அது இடம்பிடித்து வந்திருக்கிறது. இந்த ஆற்றை மீட்கப் பேசியவர்களும் எழுதியவர்களும் நட்டவர்களும் கூட்டம் போட்டவர்களும் ஏராளம். அவ்வளவு இருந்தும் ஆறு ஏன் மீளவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்பது. வரலாற்றைப் பார்த்தால் வேறொரு விடை தெரிகிறது. இந்த ஆற்றின் கடைமடையில் வாழ்ந்தவர்களுக்கு விழிப்புணர்வுக்குக் குறைவே இருந்ததில்லை. அவர்களுக்கு இல்லாமல் போனது உரிமை.

கடைமடை என்றதும் தமிழருக்குக் காவிரிதான் கண்முன் வரும். நாகப்பட்டினத்துக் கடைமடை விவசாயிக்கு மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் கிடைக்கும். கோல ஜூருவின் மீனவனுக்கு நிலைமை தலைகீழ்: மேலே இருப்பவர்கள் வேண்டாமென்று விட்டதெல்லாம் அவனுக்கு வந்து சேரும். இந்த ஏற்பாடு தொழிற்சாலைகளோடு தொடங்கியதல்ல. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பிரிட்டிஷார் இந்தக் கரையோரப் பட்டையைப் பெற்று, வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிட்டார்கள். பத்து காவான் பக்கத்துச் சதுப்பில் சீனர்கள் கரும்பு போட்டார்கள்; 1840களில் பிரிட்டிஷ் சந்தையில் பினாங்குச் சர்க்கரைக்கு வரி குறைந்ததும் ஐரோப்பிய முதலாளிகள் பெரிய தோட்டங்களோடு வந்தார்கள். அந்தத் தோட்டங்களில் வெட்டவும் சுமக்கவும் காய்ச்சவும் ஒப்பந்தக் கூலிகளாக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள் தமிழர்கள். கரும்புக்கு உப்புநீர் ஆகாது. எனவே கடலை மறித்து வரப்புகள் எழுந்தன, சதுப்பை வடிக்க வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, அலைமடைகள் வைக்கப்பட்டன. சாறு காய்ச்சும் அடுப்புகளுக்கு விறகு வேண்டியிருந்தது. கரையோரக் காடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செபராங் பிறையின் ஆறுகளை ஆறுகளாகப் பார்க்காமல் வடிகால்களாகப் பார்க்கும் கண் அப்போதே வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பின்னர் செம்பனை. பயிர் மாறினாலும் அந்தக் கண் மாறவில்லை.

அடுத்த திருப்பம் 1960களில். பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்துகொண்டிருந்தது. வேலையில்லாத இளைஞர்கள் தெருவுக்குத் தெரு நின்றார்கள். 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, அதே ஆண்டில் தோன்றிய பினாங்கு வளர்ச்சிக் கழகத்தைக் கொண்டு மாநிலத்தைத் தொழிற்சாலைகளின் பக்கம் திருப்பினார். தீவில் பாயான் லெப்பாசுக்கு மின்னணுத் தொழில் போனது. பெருநிலத்தில் பிறைக்குக் கனமான தொழில்கள் வந்தன. சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை முன்பே அங்கிருந்தது. 1967இல் மலாயாவாத்தா எஃகு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் ஊதுலைக்கு எரிபொருள் ரப்பர் மரக் கரி. தமிழர்கள் மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய அந்த மரம் ஆயுள் முடிந்ததும் கரியாகி இரும்பை உருக்கியது. அந்தத் தோட்டத்து லயங்களின் பிள்ளைகள் ஆலை வாசலில் வேலைக்கு நின்றார்கள். இந்த மாற்றத்தைக் குறைசொல்வது எளிது. தோட்டத்தைத் தாண்டி ஒரு சம்பளத்தை முதன்முதலாகப் பார்த்த குடும்பங்களிடம் அதைச் சொல்லிப் பார்த்தால்தான் அது எவ்வளவு எளிது என்பது தெரியும். ஆனால் அந்தச் சம்பளத்தின் ஒரு பங்கை ஆற்றின் வாயில் இருந்தவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

1970களின் தொடக்கத்திலேயே கோல ஜூருவின் மலாய் மீனவர்கள் மீன் செத்து மிதப்பதையும் பிடி குறைவதையும் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களுடைய குரலை எடுத்துக்கொண்டது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து சிறுவயதில் பினாங்குக்கு வந்த வணிகர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 2019இல் மறையும் வரை, அதன் தலைவராக இருந்தார். பால் மாவின் விலையையும் எடைக்கல்லின் நேர்மையையும் பார்ப்பதுதான் பயனீட்டாளர் சங்கத்தின் வேலை என்று பலரும் நினைத்த காலத்தில், ஒரு மீனவனின் ஆறு கெட்டுப்போவதும் பயனீட்டாளர் பிரச்சினைதான் என்று அந்தச் சங்கம் முடிவெடுத்தது. 1976இல் கோல ஜூருவின் போராட்டத்தை நூலாகவே வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதன் தோழமை அமைப்பாக மலேசிய பூமியின் நண்பர்கள், அதாவது சஹாபாட் ஆலாம் மலேசியா, உருவானது. மலேசியச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சரவாக் காடுகளில் தொடங்குவது வழக்கம். பினாங்கின் கணக்கில் அது ஜூரு ஆற்றின் சேற்றில் தொடங்குகிறது.

சேறு என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். மீன் குறைந்தபோது கோல ஜூரு மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கெராங் வளர்ப்பில் இறங்கினார்கள். ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்துக்கொள்ளாமல் கூட்டுறவாக இறங்கினார்கள். கெராங் என்பது சேற்றுத் திட்டில் வாழும் சிப்பி. 1940களின் இறுதியில் பேராக் கரையில் அதை வளர்க்கும் தொழில் தொடங்கிப் பரவியிருந்தது. குஞ்சுச் சிப்பிகளைச் சேற்றில் விதைத்து, ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து வாரி எடுக்க வேண்டும். மீனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறிடம் போகும், கெராங் போகாது. விதைத்த இடத்திலேயே கிடந்து, வரும் நீரையெல்லாம் வடிகட்டி, அதிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அந்த வகையில் கோல ஜூரு மக்கள் தேர்ந்தெடுத்த தொழில், ஆற்றைப் பற்றிய நிரந்தரச் சோதனையாகவும் ஆகிவிட்டது. அதன் முடிவு அவர்களோடு நிற்பதுமில்லை. பினாங்கின் புகழ்பெற்ற குவே தியாவ் வறுவலில் கடைசியாக ஒரு கைப்பிடி கெராங் விழாவிட்டால் வாடிக்கையாளர் தட்டைத் திருப்பிவிடுவார்.

இனி சட்டத்துக்கு வருவோம். மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. வளரும் நாடுகளில் அது முந்திக்கொண்ட சட்டம் என்றே சொல்ல வேண்டும். அதன் கீழ் 1979இல் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு விதிகள் வந்தன. அவை இரண்டு தரங்களை வகுத்தன. குடிநீருக்காக ஆற்றில் நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆலை இருந்தால் ‘ஏ’ தரம். மற்ற எல்லா இடங்களுக்கும் ‘பி’ தரம். ஒரு லிட்டர் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, ‘ஏ’யில் 20 மில்லிகிராம் வரை, ‘பி’யில் 50 வரை. ஈயம் ‘ஏ’யில் 0.1, ‘பி’யில் 0.5. பாதரசம் ‘ஏ’யில் 0.005, ‘பி’யில் 0.05, அதாவது பத்து மடங்கு. பினாங்கு தன் குடிநீரில் பெரும்பகுதியை வடக்கே மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. ஜூருவிலிருந்து யாரும் குடிநீர் எடுப்பதில்லை. ஆகவே இந்தப் படுகையின் ஆலைகளுக்கு ‘பி’ போதும். விதியை எழுதியவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த நீரை நகரத்தார் குடிப்பார்களா? அந்த நீரில் வளர்வதை நகரத்தார் தின்பார்களா என்பது கேட்கப்படவே இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு. விதி ஒரு லிட்டரில் எவ்வளவு என்றுதான் அளக்கிறது. ஓர் ஆற்றுக்குள் மொத்தம் எவ்வளவு போகலாம் என்று அளப்பதில்லை. ஐம்பது ஆலைகள் ஒவ்வொன்றும் சட்டப்படி நடந்தாலும், சின்ன ஆறு தாங்காது. அதற்குமேல் நிபந்தனைகளை மீறிக் கழிவு விட உரிமம் பெறும் வழியையும் சட்டமே வைத்திருந்தது. 2009இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டபோது ‘ஏ’, ‘பி’ பாகுபாடு அப்படியே தொடர்ந்தது.

உரிமை இருந்த இடத்தில் என்ன நடந்தது? வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் ஆறுகளை மக்கள் மீட்டெடுத்த கதையை உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எல்வா ஆற்றில் 2011இலிருந்து 2014 வரை இரண்டு பெரிய அணைகள் உடைத்து அகற்றப்பட்டு, நூறாண்டு கழித்துச் சால்மன் மேலேறியதைப் படம்பிடித்துக் காட்டுவார்கள். அதற்கு முன் நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1850களில் வாஷிங்டன் பகுதிப் பழங்குடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை உடன்படிக்கையில் எழுதி வைத்துக்கொண்டார்கள். 1974 பிப்ரவரியில், மலேசியா தன் சுற்றுச்சூழல் சட்டத்தை நிறைவேற்றிய அதே ஆண்டில், அமெரிக்க நீதிபதி ஜார்ஜ் போல்ட் அந்த வாசகத்துக்குப் பொருள் சொன்னார்: பிடிபடக்கூடிய மீனில் பாதிவரை பழங்குடிகளின் பங்கு. மீனே இல்லாவிட்டால் பங்கால் என்ன பயன் என்று 2001இல் அவர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். மாநில அரசின் சாலைகளுக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலங்கள் சால்மனின் வழியை மறிக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டும் என்பது வழக்கு. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நின்றது; அரசு தன் செலவில் குழாய்களைத் தோண்டி மாற்றுகிறது. அந்த ஆறுகளில் மக்கள் நட்ட மரமும் அள்ளிய குப்பையும் பயன் தந்ததென்றால், பின்னால் ஓர் உடன்படிக்கை நின்றதால்தான். கோல ஜூரு மக்களுக்கு அவர்களைவிட ஊக்கம் குறைவில்லை. அவர்களிடம் அப்படியொரு காகிதம் இல்லை.

சால்மன் குளிர்நாட்டு மீன், அந்தக் கதை வெப்பநாட்டுச் சேற்றாற்றுக்குப் பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். இதற்கு விடை பினாங்கிலேயே இருக்கிறது. உடாங் காலா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெரிய ஆற்று இறால் நன்னீரில் வாழ்கிறது. அதன் குஞ்சு நன்னீரில் பிழைப்பதில்லை. ஏன் என்று நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. ஐநா உணவு வேளாண் நிறுவனத்தின் நிபுணர் ஷாவோ-வென் லிங், 1960களின் தொடக்கத்தில் தீவின் குளுகோர் ஆய்வு நிலையத்தில் அந்தக் குஞ்சுகளை வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். கொஞ்சம் உப்பு கலந்த நீரில் அவை பிழைப்பதைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பின்மேல்தான் இன்று உலகெங்கும் நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்பு நிற்கிறது. 1965இல் ஹவாய்க்குப் போன தாய் இறால்களும் மலேசியாவிலிருந்து போனவைதான். சால்மன் கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறுகிறது; உடாங் காலா ஆற்றில் வளர்ந்து குஞ்சு பொரிக்கக் கழிமுகத்துக்கு இறங்குகிறது. கொடுவா மீனும் உப்புக்கும் நன்னீருக்கும் இடையே போய்வரும் உயிர்தான். மேலே ஆலையும் கீழே அலைமடையும் இருக்கும் ஆற்றில் இந்தப் பயணங்கள் அறுந்துபோகும். அதனால் சால்மனின் பாடம் இந்தக் கரைக்கு அந்நியம் அல்ல. குறியாக நிற்கும் உயிர் மட்டும் வேறு.

இரண்டாவது மறுப்பு கனமானது. கண்டிப்பான விதி போட்டிருந்தால் ஆலைகள் வந்திருக்காது, வந்தவை போயிருக்கும், பிறைக்கும் புக்கிட் தெங்காவுக்கும் இன்றுள்ள வாழ்வு இருந்திருக்காது என்பது. இதை ஊகத்தால் ஆராய வேண்டியதில்லை. மலேசியாவே ஒரு சோதனையை நடத்திப் பார்த்திருக்கிறது. 1970களில் நாட்டின் ஆறுகளை மிக மோசமாகக் கெடுத்தவை செம்பனை எண்ணெய் ஆலைகள். 1977இல் அவற்றுக்குத் தனி விதிகள் வந்தன. கழிவின் ஆக்சிஜன் தேவை முதற்கட்டத்தில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், படிப்படியாகக் குறைந்து 1984இல் 100க்கு வர வேண்டும் என்றும் கால அட்டவணை போட்டார்கள். உரிமக் கட்டணத்தைக் கழிவின் சுமையோடு கட்டினார்கள். ஆலைகள் முணுமுணுத்தன, பிறகு குளங்கள் வெட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டன. அதே ஆண்டுகளில் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறியதே தவிர இறங்கவில்லை. ஆகவே கண்டிப்பும் வளர்ச்சியும் ஒன்றாகப் போகாது என்று ஒரு மலேசியர் சொன்னால், அவர் தன் நாட்டின் சாதனையையே மறந்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.

மூன்றாவது மறுப்பில் உண்மை நிறையவே உண்டு: ஜூருவைக் கெடுத்தது ஆலைகள் மட்டுமல்ல, பன்றிப் பண்ணைகள், வீட்டுச் சாக்கடை, சந்தைக் குப்பை, உணவுக் கடை எண்ணெய் எல்லாம் சேர்ந்துதான். ஆம். இதுவே ஆற்றின் அரசியலையும் சிக்கலாக்கியது. கடைமடையில் மலாய் மீனவர், பண்ணைகளில் சீனர், தோட்டங்களிலும் பின்னர் ஆலைகளிலும் தமிழர் என்று இருந்த படுகையில், யார் அழுக்கு என்று பேசத் தொடங்கினாலே பேச்சு இனத்தின் பக்கம் வழுக்கிவிடும். ஆலை நிர்வாகங்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். பயனீட்டாளர் சங்கம் ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் தன் இதழைக் கொண்டுவந்ததை நான் பெரிய விஷயமாக மதிப்பது இதனால்தான். மீனவனின் வழக்கு அவன் இனத்தைத் தாண்டிப் போனது அந்த வழியில். ஆனால் எல்லோரும் குற்றவாளிகள் என்ற உண்மையிலிருந்து, எல்லோரும் சேர்ந்து குப்பை அள்ளினால் போதும் என்ற முடிவுக்குப் போவது பெரிய தாவல். 1993இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை ‘நம் ஆற்றை நேசிப்போம்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2009 ஆகஸ்ட் 8ஆம் தேதி, பூமித் தாயிடம் மன்னிப்புக் கேட்பதாக, பினாங்கு மக்கள் நுண்ணுயிர் கலந்த மண் உருண்டைகளைப் பத்து லட்சத்துக்கும் மேல் நீரில் எறிந்தார்கள். மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம்தான். யார் கேட்க வேண்டும் என்பதில்தான் தகராறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீரைச் சோதிக்கக் கற்றுத்தந்த பினாங்கு நீர்க் கண்காணிப்பு அமைப்பின் வேலை, 1997 முதல், இதைவிட உருப்படியானது. 1994இல் உருவான பினாங்கு கரையோர மீனவர் நல அமைப்பின் வேலை எல்லாவற்றிலும் மேல்: அதன் உறுப்பினர்கள் 1997இலிருந்து தங்கள் கையாலேயே அலையாத்திக் கன்றுகளை நட்டுவருகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெளியுலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. மரம் நடும் மீனவன் மண்ணைக் காக்கலாம். மேலேயிருந்து வரும் பாதரசத்தைத் தடுக்க அவனால் முடியாது.

கடைமடைக்காரன் நீதிமன்றம் போயிருக்கலாமே என்றால், அந்தக் கதவும் குறுகலாகத்தான் இருந்தது. தனக்கென்று தனிப்பட்ட பாதிப்பைக் காட்டாமல் பொதுநலனுக்காக வழக்குப் போட முடியாதபடி, மலேசியாவின் உச்ச நீதிமன்றம் 1988இல் லிம் கிட் சியாங் வழக்கில் விதியை இறுக்கியது. அந்த வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? ஜூரு வழியாகவே செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஒப்பந்தத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவனே செலவைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. நொய்யல் விவசாயிகளின் வழக்கில், கழிவை முற்றாக நிறுத்தாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஆணை வந்தது. நொய்யல் இன்றும் நல்ல ஆறு அல்ல. ஆனாலும் அங்கே கடைமடை விவசாயி சாயப்பட்டறை முதலாளியை எதிர்த்து ஒரு நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது. முதலாளி பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூரு படுகைக்கு வேண்டியது இன்னொரு துப்புரவு நாள் அல்ல. மனிதர் தின்னும் சிப்பி வளரும் கழிமுகத்துக்கு மேலேயும், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ளதைப் போலவே, ‘ஏ’ தரம் பொருந்தும் என்று விதி திருத்தப்பட வேண்டும். ஆற்றுக்குள் போகும் மொத்தச் சுமைக்கு வரம்பு வேண்டும். ஒவ்வோர் ஆலையும் என்ன விடுகிறது என்ற கணக்கு, கோல ஜூருவின் மீனவரும் புக்கிட் தெங்காவின் தொழிலாளியும் கேட்டால் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். இவற்றைப் பெறாமல் எத்தனை கன்று நட்டாலும், நட்டவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ஆறு பழையபடிதான் ஓடும்.